கண்ணுக்குத் தெரியாத தீயும் சம்பந்தியின் விளக்குமாறும்

உனக்கு எதற்கு அந்தக் கதை? விளக்குமாறு வாங்க வந்தாய், வாங்கிவிட்டாய், போக வேண்டியதுதானே. என் சம்பந்தி வீட்டு வாசலில் நுனி கருகிய விளக்குமாறு ஒன்று நிமிர்ந்து நிற்கிறது என்றால் நின்றுவிட்டுப் போகட்டும். அது உன்னிடம் சோறு கேட்டதா? உன் வீட்டு அடுப்பில் குழம்பு கொதிக்கிறதா தீய்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிறாய். இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவருகிற எல்லோருக்கும் முதலில் பிடிக்கிற நோய் இதுதான். எனக்கும் பிடித்தது, இன்னும் விடவில்லை.

சரி, கேட்டுவிட்டாய். எனக்கும் வாய் சும்மா இருக்காது. உட்கார். அந்த ஓலைக் கட்டை இப்படித் தள்ளு. கையைச் சும்மா வைத்திருக்காதே, நான் சொல்லச் சொல்ல நீ ஈர்க்கைச் சீவு. கதைக்கு அதுதான் கூலி.

செம்பனை மட்டையிலிருந்து ஓலையைக் கிழித்து, உள்ளே இருக்கும் ஈர்க்கைச் சீவி எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. மலாய்க்காரர்கள் அதை லிடி என்பார்கள். கட்டினால் விளக்குமாறு. நான் கட்டுகிற விளக்குமாற்றுக்குக் கழுத்தில் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சு இருக்கும். ரந்தாவ் பாசாரில், அதாவது சந்தையில், எங்கே பார்த்தாலும் இது என் பிள்ளை என்று அடையாளம் சொல்லிவிடுவேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நேரம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே நின்று படித்தது. ஆகவே நான் சொல்வதில் விஞ்ஞானம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். கண்ணால் பார்த்ததில் மட்டும் குறை இருக்காது.

என் மகள் பேருந்து ஓட்டுகிறாள் என்பது உனக்குத் தெரியும். விடியற்காலையில் இந்தத் தாமானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு செனாவாங் தொழிற்சாலைகளில் கொண்டுபோய் இறக்குவாள். ஷிப்டு முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவாள். அப்போது அவள் ஓட்டியது பழைய டீசல் வண்டி. அது முக்குக்கு வருகிறது என்பது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். என் கொடியில் காயும் வெள்ளைத் துணி எல்லாம் அந்த வண்டியின் புண்ணியத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. துணி போனால் போகிறது. அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று மகளுக்கு ஓர் இருமல் வந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். மருந்து தீர்ந்தது, இருமல் தீரவில்லை.

மருமகன் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலெல்லாம் தூங்குவார், நல்ல மனிதர், கதையில் அவருக்கு வேலை இல்லை. கதை அவருடைய அம்மாவைப் பற்றியது, அதாவது என் சம்பந்தி. நான் இந்த வீடு, மகளோடு அவர்கள் இரண்டு வீடு தள்ளி. நானும் சம்பந்தியும் தினமும் பேசிக்கொள்வோம், தினமும் கோபித்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் விளக்குமாற்றுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் படுத்திருக்க வேண்டும். யாராவது வெளியே கிளம்பும்போது கையில் விளக்குமாற்றோடு எதிரே வரக் கூடாது. நானே கட்டி நானே விற்றாலும் அந்த ஒழுக்கத்தை மீறமாட்டேன். சம்பந்தியோ என்னைவிடப் பல படி மேல். வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியவர்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய், அவர்கள் முக்கு திரும்பியாயிற்று என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் விளக்குமாற்றைத் தொடுவார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய வீட்டுக்காரர் தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டினார். ஒருநாள் காலை அவர் கிளம்பும்போது சம்பந்தி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கையில் விளக்குமாறு, முகம் அவருக்கு நேரே. அவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார். லாரி லிங்கி பக்கத்து இறக்கத்தில் கவிழ்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கணக்கெழுதும் கிராணி முதல் சமையல்காரர் வரை தெரியும். சம்பந்திக்கு மட்டும் அது பிரேக் இல்லை, விளக்குமாறு. எத்தனையோ வருஷமாக அவர் அந்த ஒரு காலையையே பெருக்கிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"அம்மா, புது பஸ் வருதும்மா. டீசல் கெடையாது. என்னைய ஓட்டச் சொல்லியிருக்காங்க."

"டீசல் இல்லாட்டி எப்படி ஓடும்? ஏறுற ஆளுங்கல்லாம் எறங்கித் தள்ளணுமா?"

"ஹைட்ரஜன்ல ஓடும்."

"அது எந்த ஊரு ஆளு?"

"ஐயோ, காஸும்மா! கூரைமேல தொட்டியில அடைச்சு வச்சிருப்பாங்க. அது உள்ள போயி காத்தோட சேர்ந்தா கரண்டு வரும். அந்தக் கரண்டுல சக்கரம் சுத்தும். பின்னால பொகையே வராது. தண்ணிதான் சொட்டும்."

"சொட்டு சொட்டாவா?"

"ஆமா."

"அடக்கி வைக்க முடியாதா அதுக்கு?"

"முடியாதும்மா, வந்துக்கிட்டே இருக்கும்."

"அப்போ புது பஸ்னு சொல்லாத. அதுக்கு என் வயசு ஆயிருச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தட்டினேன். இந்தப் பிள்ளைக்குப் புகை இல்லாத வண்டி ஒன்று கிடைத்தால், அது தண்ணீர் விட்டால் என்ன, மோர் விட்டால் என்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

போர்டிக்சனுக்கு வெளியே ஒரு காம்பவுண்டில் பயிற்சி. வேலை முடிந்து அங்கே போய்விட்டு வருவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான மலாய்க்காரர். அந்தக் காலத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் தீயணைக்கும் வேலை பார்த்தவராம். பிள்ளைகள் எல்லோரும் வாத்தியார் என்ற அர்த்தத்தில் அவரை 'செகு' என்று கூப்பிடுவார்கள்.

ஒருநாள் மகள் என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். பின்வாசல் வழியாக வந்தாலே விஷயம் சம்பந்திக்குத் தெரியக் கூடாதது என்று அர்த்தம்.

"அம்மா, ஒரு வெளக்குமாறு குடேன். நீளமா, நுனி மெலிசா."

"அவ்ளோ பெரிய பஸ்ஸு வாங்குன கம்பெனிக்கு ஒரு வெளக்குமாறு வாங்க வக்கில்லியா?"

"கூட்டுறதுக்கு இல்லம்மா. தீயத் தேடுறதுக்கு."

நான் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். "என்னத்தத் தேடுறதுக்கு?"

"அந்த காஸ் எரிஞ்சா பகல்ல கண்ணுக்குத் தெரியாது. பொகை கெடையாது, வாசம் கெடையாது. பக்கத்துல போனாக்கூட சூடு சரியா தெரியாது. கண்டுபிடிக்க கேமரா இருக்கு, மணியடிக்கிற மெசின் இருக்கு. ஆனா எங்க செகு பழைய ஆளு. கேமரா கையில இல்லாத நேரத்துல ஆளுங்க வெளக்குமாற முன்னால நீட்டிக்கிட்டு நடப்பாங்களாம். நுனி பத்திக்கிச்சுன்னா அங்க தீ இருக்கு. அதையும் பழகிக்குங்கன்னு சொல்றாரு. கடையில விக்கிறதெல்லாம் பிளாஸ்டிக். அது ஆவாது."

"உங்க செகு உன்னைய நல்லா வெளையாட்டுக் காட்டுறாரு லா. கண்ணுக்குத் தெரியாத தீ! உன் அப்பாவும் இப்படித்தான், கையில காசு இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியலன்னு சொல்லுவாரு."

கேலி செய்தாலும் நல்லதாகவே ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். பழைய கைலியில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் கட்டினோம். சம்பந்தி அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்தார். மகள் அவரைத் தாண்டிப் போகையில் கைலி நழுவியது. விளக்குமாறு நுனியை முன்னால் நீட்டிக்கொண்டு, மகளுக்கு வழிகாட்டுகிற மாதிரி, மோட்டாரோடு போனது.

அன்று சாயங்காலம் மகள் திரும்பியபோது அந்த வீட்டில் நடந்த சத்தம் என் வீட்டுச் சட்டி வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போனபோது மகள் தீயைத் தேடுகிற கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

"இந்த வேலை வேணாம்," என்று சம்பந்தி கதவை மறித்து நின்றார். "பழைய பஸ்ஸையே ஓட்டு."

"அத்தை, அந்தப் பொகையில எனக்கு மூச்சே விட முடியல."

"இருமினா இருமிக்கிட்டே உசுரோட இரு! வெளக்குமாற மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு நடக்குறது ஒரு வேலையா? இந்த வீட்டுல நான் ஒருத்தி பிடிச்சது போதாதா?"

 நான் அந்தக் கைலியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மகள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எந்தக் காரியத்துக்கும் முதல் நாள் போகும்போது அத்தை கையால் திருநீறு பூசிக்கொண்டுதான் போவாள். லைசென்ஸ் எடுக்கப் போன அன்றைக்கும் அப்படித்தான், பிள்ளையைப் பள்ளியில் விட்ட அன்றைக்கும் அப்படித்தான். இந்த அம்மாள் கை வைக்காமல் அவள் அந்தப் பேருந்தில் ஏறமாட்டாள். ஏறமாட்டேன் என்றால் கம்பெனிக்காரர்கள் அந்த இருக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் ஓட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மகள் பழைய வண்டியில் இருமிக்கொண்டே காலத்தை ஓட்டுவதா, புது வண்டியில் ஏறுவதா என்பது அந்த அம்மாளின் விரலில் ஒட்டுகிற திருநீற்றில் இருந்தது.

வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்னால் ஓட்டுநர்களின் வீட்டார் வந்து பார்க்கலாம் என்று அந்தக் காம்பவுண்டில் ஒருநாள் அழைத்திருந்தார்கள். நேரே கேட்டால் சம்பந்தி வரமாட்டார். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன்.

"சம்பந்தி, மொழங்கால் புடிச்சு இழுக்குது. கடல் தண்ணியில நின்னா நல்லதுன்னு சொல்றாங்க. போர்டிக்சன் போலாமா?"

"உங்க மகள கூட்டிட்டுப் போறது?"

"அவ வேலையில இருக்கா." பொய் இல்லையே. "நான் ஒண்டியா போயி அலை இழுத்துட்டுப் போச்சுன்னா, விக்காத வெளக்குமாறெல்லாம் உங்க தலையிலதான் விழும்."

வந்துவிட்டார். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, நான் வாங்கிவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தில் ஒன்றைச் சாப்பிட்டார். கடலுக்கு முன்னாலேயே நான் மணியை அமுக்கினேன்.

"கடல் இன்னும் வரலியே, சம்பந்தி."

"அது எங்க போயிறப் போவுது? மொதல்ல இங்க ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

வாசலைக் கடந்து, வெள்ளைப் பேருந்தையும் அதற்குப் பக்கத்தில் நின்ற என் மகளையும் பார்த்ததும் சம்பந்திக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். ஆனால் சுற்றிலும் பலர் நின்றார்கள், செகு வேறு நெஞ்சில் கை வைத்து "மக்சிக், வாங்க வாங்க," என்று தமிழில் கூப்பிட்டுவிட்டார். பெரியம்மா என்று மரியாதையாக ஒருவர் கூப்பிட்ட பிறகு எப்படித் திட்டுவது? கையில் கொடுத்த இனிப்புச் சிராப் தண்ணீரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், கோபமாக வைத்திருந்தார்.

முதலில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி பேருந்துக்குக் காஸ் அடித்துக் காட்டினார்கள். தடித்த குழாய், நுனியில் பெரிய கைப்பிடி. வண்டியில் மாட்டியதும் பாம்பு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். முடிந்து கழற்றியபோது அந்த நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

"என்ன மாவா?" என்றேன்.

"பனிம்மா," என்றாள் மகள். "காஸ குளுர வச்சு அனுப்புறாங்க. தொடாத, கை ஒட்டிக்கும்."

வெளியே போர்டிக்சன் வெயில். தார் இளகி என் சிலிப்பர் ஒட்டுகிறது. அந்த வெயிலில் ஓர் இரும்பு முனையில் பனி பூத்து, நான் பார்க்கப் பார்க்க உருகி, முத்து முத்தாகச் சொட்டுகிறது. எனக்குத் தெரிந்த பனி ஐஸ் பெட்டிக்குள் இருப்பதும், அதைச் சீவிக் கொடுக்கும் ஐஸ் கச்சாங் கடையில் இருப்பதும்தான். வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சம்பந்தி திறக்கவில்லை, ஆனால் கோபத்தில் வைத்திருந்த சிராப்பைத் தெரியாமலேயே குடித்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் பாசார் மலாயில் செகுவிடம் கேட்டேன், இந்தக் காஸை எந்த மரத்திலிருந்து இறக்குகிறீர்கள் என்று. அவர் சிரித்துவிட்டு நேர்மையாகத்தான் சொன்னார். இப்போதைக்குப் பெரும்பாலும் பூமிக்கு அடியிலிருந்து வரும் காஸை ஆலையில் காய்ச்சித்தான் எடுக்கிறார்கள். அங்கே கரிப்புகை வெளியேறத்தான் செய்கிறது. வெயிலிலிருந்து கரண்டு எடுத்து, அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் அந்தக் கரியும் இருக்காது. அதற்கும் வேலை நடக்கிறது என்றார்.

"அப்போ பொகை போவல. எங்க வீட்ட விட்டு ஆலைக்குக் குடிபோயிருக்கு."

"பெத்துல், மக்சிக்," என்றார். உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும். தண்ணீரிலிருந்து எடுத்து, ஓட்டி, திரும்பத் தண்ணீராக விடுகிற வண்டி என்று அவர் சொன்னதை மட்டும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எங்கள் காலத்தில் கடவுள் செய்த வேலை அது, மேகம் மழை என்று.

பிறகு ஓர் ஓரத்துக்குக் கூட்டிப் போனார்கள். கயிறு கட்டி, மணல் கொட்டி, நடுவில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் நட்டிருந்தது. எங்களைத் தள்ளி நிற்க வைத்தார்கள். செகு எங்கோ ஒரு திருகைத் திருகினார். உஸ் என்றது. நீளமான கொள்ளிக் கோலை நீட்டி எடுத்தார்.

"எரியுது, பாருங்க," என்றாள் மகள்.

பார்த்தேன். குழாய் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் செம்பனை. வேலிக் கம்பி மட்டும் ஓர் இடத்தில் கொஞ்சம் நெளிகிற மாதிரி இருந்தது.

"எனக்குக் கண்ணுல பொரை," என்றேன் சம்பந்தியிடம். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"வெறும் கொழாதான் நிக்குது. நம்மள முட்டாளாக்குறாங்க."

"உங்கள ஆக்கட்டும். எனக்கு அந்த வேலைய எங்கப்பா எப்பவோ முடிச்சிட்டாரு."

அப்போது மகள் வந்தாள். தடித்த கோட்டு, கையுறை, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. கையில் நான் கட்டிய விளக்குமாறு. கழுத்தில் சிவப்பு முடிச்சு. சம்பந்தியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. செகு மகளுக்குப் பக்கத்தில் நின்று, "பெலான், பெலான்," என்று மெதுவாகப் போகச் சொன்னார். மகள் கையை முழுக்க நீட்டினாள். விளக்குமாற்றின் நுனியை மேலும் கீழுமாக, காற்றில் கோலம் போடுகிற மாதிரி அசைத்துக்கொண்டே, ஒரு காலை வைத்து, நின்று, மறு காலை வைத்து நடந்தாள். முன்னால் விளக்குமாறு, பின்னால் என் பிள்ளை.

சம்பந்தி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"தொறங்க, சம்பந்தி. எனக்கு ஒருத்தியா பாக்க பயமா இருக்கு." அது கேலி இல்லை.

அவர் துண்டை இறக்கிய அந்த நேரம்தான். குழாய்க்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், என் ஈர்க்கின் நுனி சிவந்தது. ஒன்று, அப்புறம் பக்கத்தில் ஒன்று, அப்புறம் எல்லாம். யாரும் கொளுத்தவில்லை. சும்மா இருந்த காற்றுக்குள்ளே இன்னொன்று இத்தனை நேரமும் ஒளிந்திருந்து, என் விளக்குமாற்றைக் கடித்துப் பிடித்த மாதிரி இருந்தது. ஈர்க்கு எரிந்த இடத்தில்தான் அந்தத் தீக்கே ஒரு நிறம் வந்தது. மஞ்சளும் சிவப்புமாக, குழாயிலிருந்து நிமிர்ந்து, ஓர் ஆள் கை உயரத்துக்கு அது நின்றது. ஐயோ, அது அங்கேயேதான் இருந்தது. நான் ஒன்றும் இல்லை என்று சொன்னபோதும், கேலி பேசியபோதும் அங்கேயேதான் எரிந்துகொண்டிருந்தது. தீமிதியில் பூக்குழி பார்த்திருக்கிறேன், ரப்பர் ஸ்டோர் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீயெல்லாம் தூரத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். இதற்குக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.  கும்பிடலாமா என்று தோன்றியது, சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் கையை வயிற்றருகிலேயே குவித்துக்கொண்டேன்.

மகள் அதே இடத்தில் நின்றாள். பின்னால் நகர்ந்தாள். செகு திருகை மூடினார். விளக்குமாற்றை வாளித் தண்ணீரில் முக்கியதும் சுர்ரென்று புகை வந்தது. அந்த இடத்தில் நான் பார்த்த ஒரே புகை அதுதான், அதுவும் என் வீட்டுச் சரக்கிலிருந்து வந்தது.

பேருந்தில் இப்படியெல்லாம் நடக்காமல் இருக்க என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று செகு காட்டினார். கசிந்தால் அந்தக் காஸ் தரையில் தேங்காதாம், மேலே பறந்துபோய்விடுமாம். அதனால்தான் தொட்டி கூரையில். மணியடிக்கிற கருவி, தானாக மூடிக்கொள்ளும் திருகு எல்லாம் காட்டினார். முதல் நாள் பூசை போடலாமா என்று நான் கேட்டதற்கு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம், காஸ் அடிக்கிற இடத்தில் சூடம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சம்பந்தி இதில் எதையும் கேட்கவில்லை. அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அவருகிட்ட ஒண்ணு கேளுங்க. வெளக்குமாறு முன்னால போவலன்னா என்ன ஆவும்?"

கேட்டேன்.  செகு தன் இடது கையை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டினார். தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது, பழைய தீக்காயம். அந்த நாளில் விளக்குமாறு எடுக்காமல் போனாராம். சம்பந்தி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் வாளியிலிருந்து விளக்குமாற்றை எடுத்து, கருகிய நுனியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

சொன்ன சொல் தவறக் கூடாது என்று கடலுக்கும் கூட்டிப்போனேன். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்தோம். அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது. விளக்குமாறு எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது.

"சம்பந்தி," என்றார், கடலைப் பார்த்தபடியே. "அன்னிக்கு அந்த வெளக்குமாறு என்னதான் பண்ணுச்சு?"



"வாசலைக் கூட்டுச்சு," என்றேன். "வேற என்ன பண்ணும்?"

 அவர் ஈரமான மணலை எடுத்து, முழங்காலில் வைத்து, தட்டித் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்குச் சிந்துகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அந்தக் கருகிய விளக்குமாற்றை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காலை நீட்டிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் அவர் திருநீறு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கடினமான வேலை அதுதான். முதல் ஓட்டத்தன்று விடியற்காலை இருட்டு கலையும் முன்னே நான் கதவைத் திறந்து, தண்ணீர் தெளிக்கிற மாதிரி வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரியும் அடுத்த வீட்டுக்காரியும் அப்படித்தான், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

மகள் சட்டை மாட்டி, மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

சம்பந்தி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

கிளம்புகிறவளுக்கு நேரே முகம். கையில் நுனி கருகிய விளக்குமாறு. அந்த வீட்டு வாசல் அந்த நேரத்தில் விளக்குமாற்றைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. படியிலிருந்து தெரு வரைக்கும், மோட்டார் போகிற பாதையை மட்டும், ஓர் இலை விடாமல் கூட்டினார். கூட்டி முடித்து நிமிர்ந்தார். மகள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குனிந்தாள். இடது கையில் விளக்குமாறு, வலது கையில் திருநீறு. நெற்றி நிறையப் பூசி, இமையில் உதிர்ந்ததை ஊதிவிட்டது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"பெலான் பெலான் போ," என்றார்.

மகள் போன பிறகும் விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் வைக்கவில்லை. வாசல் தூணில் நிமிர்த்திச் சாய்த்தார். நீ பார்க்கிறாயே, அங்கேதான்.

பொழுது நன்றாகப் புலர்ந்தபோது பேருந்து வந்தது. வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சத்தமும் இல்லை, மூக்குக்கும் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் முக்கில் வெள்ளையாக நிற்கிறது. சன்னலுக்குள் என் மகள், நெற்றியில் திருநீறு. ஆட்கள் ஏறினார்கள். நான் பின்பக்கம் போய்க் குனிந்து கையை நீட்டினேன். ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். இன்னொரு சொட்டும் விழும்வரை நின்றேன். கையை மூடிக்கொண்டு வந்து, சம்பந்தியின் உள்ளங்கையில் தட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பேருந்து போனதும் பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏக்கா, புள்ள மொத நாளு பஸ் ஓட்டப் போவுது, உங்க சம்பந்தி வெளக்குமாற எடுத்துக்கிட்டு எதுக்க நிக்கிறாங்க. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கீங்களே!"

"சும்மா இல்ல லா, கேட்டேன்," என்றேன். "கண்ணுக்குத் தெரியாத தீ ஏதும் வழியில நிக்குதான்னு பாத்தாங்களாம். புள்ள போற பாதையில ஒண்ணும் இல்லியாம், தொட்டுப் பாத்துத்தான் அனுப்பியிருக்காங்க. நீங்கல்லாம் நிக்கிற எடத்த மட்டும் இன்னும் பாக்கல. எதுக்கும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."